பளிச்சென்று ஒரு வீடு

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, எடுத்தவளுக்குத்தான் மண்டையில் ஒன்றும் இல்லை என்று கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியதுமே போட்டோ ஸ்டூடியோ புகழேந்திக்குத் தெரிந்துவிட்டது.

பதினோரு படமும் ரா ஃபைல், சாதாரணக் கம்ப்யூட்டரில் திறக்காத வகை. யாரோ மெனுவை நோண்டி மாற்றியிருக்கிறார்கள். அதைத் திறக்கத் தெரியாத மூன்று பிரவுசிங் சென்டர்காரர்கள் கார்டு போச்சு என்று கைவிரித்திருக்கிறார்கள். தி.நகரில் மவுஸ் பிடித்தவனெல்லாம் நிபுணன்.

பாஞ்சாலி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கவுன்டரில் நின்றாள். கோபாலபுரத்தில் பாத்திரம் தேய்க்கும் வீட்டில் இரவல் வாங்கிய கேமரா. மூன்று மணிக்குள் பக்கத்துத் தெரு ஆபீசில் வீட்டுப் படம் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வீடு கிடைக்காதாம்.

மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தவளைப் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னான். வீட்டுப் படத்தைப் பற்றி அவனுக்கே பாடமா? ஆதம்பாக்கத்துப் புரோக்கர்கள் அனுப்பும் எத்தனை ஓட்டை வீடுகளை அவன் தேற்றிக் கொடுத்திருக்கிறான்.

படங்களைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. கோணல் சுவர், அழுது வடியும் மஞ்சள் விளக்கு. இப்படியா ஒரு வீட்டை நாலு பேருக்குக் காட்டுவது?

கோணலை நிமிர்த்தினான். வெளிச்சம் ஏற்றினான். விரிசல்களை மவுஸால் தேய்த்துத் தேய்த்து அழித்தான். கூரையில் காரை பெயர்ந்த இடத்துக்கு, நல்ல இடத்திலிருந்து வெள்ளையை எடுத்து ஒட்டினான்.

ஒரு படத்தில் பாய்மேல் சிமென்டுக் கட்டி கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டுப் படம் பிடிக்கக்கூடத் தோன்றாத ஜனங்கள். தலையில் அடித்துக்கொண்டு அதையும் அழித்தான்.

பதினோரு பிரிண்டையும் கவுன்டரில் பரப்பி, பாராட்டுக்காக நின்றான்.

பாஞ்சாலி எல்லாவற்றையும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஷோக்கா கீது சார். இந்த ஊடு எங்க கீதுன்னு சொல்லு, நானே குடி போறேன்."

இடிந்து விழும் வீட்டுக்கு மாற்று வீடு கேட்டு அந்த ஆபீசில் கொடுக்கத்தான் அந்தப் படங்கள். வந்தவுடனே அவள் சொல்ல வாயெடுத்தது அதைத்தான்.

புகழேந்தி நிமிர்ந்து அவளை முதன்முறையாக முழுதாகப் பார்த்தான். முந்தானை விலகியிருந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தாள்.

மணி இரண்டு ஐம்பது. ஒரே ஒரு படம் பிரிண்ட் அடிக்கத்தான் நேரமிருந்தது.

உள்ளே ஓடி, பாய் இருந்த படத்தைத் திறந்து, தான் செய்ததையெல்லாம் நீக்கினான். சுவரில் விரிசல் வந்தது. கூரையில் துருப்பிடித்த கம்பி வந்தது.

கடைசியாகச் சிமென்டுக் கட்டி வந்தது. அது தலையணையின் நடுவில் கிடந்தது.