ரிப்பன் கட்ட ஓர் ஆள்

லொரைன் வேண்டுமென்றேதான் இதைச் செய்கிறாள் என்று அல்போன்சம்மாளுக்குத் தோன்றியது.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது முகைதீனின் தையல் கடை. லொரைனின் கல்யாண கவுன் அங்கே பொம்மைமேல் நின்றது. அதன் பின்பகுதி தரையில் நீளமாகப் புரண்டது. சர்ச்சில் நடந்து போகும்போது அது அழகுதான். ஆனால் சாயங்கால விருந்தில் மேசை மேசையாகப் போக வேண்டும், யாராவது மிதித்துவிடுவார்கள். அதனால் நடுவில் அதைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். அதற்கு 'பஸல்' என்று பெயர்.

முகைதீன் இரண்டு விதம் காட்டினார். ஒன்றில், இடுப்புக்குக் கீழே ஒரு பட்டன். துணியைத் தூக்கி மாட்டினால் முடிந்தது. இன்னொன்றில், கவுனுக்கு அடியில் ஜோடி ஜோடியாக ரிப்பன்கள். யாராவது தரையில் உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு, எது எதோடு சேரும் என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும்.

"பட்டனே வச்சிக்கம்மா," என்றார் முகைதீன். "யாரு வேணும்னாலும் மாட்டிவிடலாம். ரிப்பன்னா பழகின கைக்கே நேரம் பிடிக்கும்."

லொரைன் ரிப்பன்தான் வேண்டும் என்றாள்.

சின்னப் பெண், அழகுக்காகக் கேட்கிறாள் என்று அத்தை அல்போன்சம்மாள் விட்டுக்கொடுத்தாள். தோழி சிவானியைக் கட்டச் சொல்லலாமே என்றாள்.

"வேணாம் அத்தை. அம்மா கட்டட்டும்."

அல்போன்சம்மாள் லொரைனைத் திரும்பிப் பார்த்தாள்.

லொரைன் தொடக்கப்பள்ளியில் படித்தபோதே அவள் அம்மா வைதேகி வீட்டை விட்டுப் போய்விட்டாள். இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு செம்பவாங்கில் இருக்கிறாள். தெம்பனிஸ் வீட்டில் லொரைனை வளர்த்து ஆளாக்கியது அப்பா இஞ்ஞாசியும், அவருடைய அக்கா அல்போன்சம்மாளும்தான்.

கல்யாணத்துக்கு வைதேகியைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கடைசியில் அல்போன்சம்மாள்தான் முடிவு சொன்னாள். வரட்டும், ஆனால் விருந்தாளியாக. மேடைக்கு வரக்கூடாது. குடும்பப் போட்டோவில் நிற்கக்கூடாது. பின்வரிசை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும். லொரைன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.

இப்போதுதான் அந்தச் 'சரி'க்கு அர்த்தம் புரிந்தமாதிரி இருந்தது. இத்தனை வருஷக் கோபத்தையும் இப்படித் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அத்தை மெதுவாகச் சொன்னாள்: "அவ பண்ணினது தப்புதான். அதுக்காக பெத்தவளக் கூப்பிட்டு காலடியில உக்கார வைக்கிறது நல்லா இல்ல லொரைன்."

லொரைன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வைதேகி மறுக்காமல் ஒப்புக்கொண்டாள். கட்டிப் பழக வேண்டும் என்று லொரைன் அவளைக் கடைக்கு வரவழைத்தாள். முகைதீனின் மனைவி சொல்லிக்கொடுக்க, வைதேகி முழங்காலிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரிப்பன்களைத் தேடித் தேடிக் கட்டினாள். தப்பாகிப்போனதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நன்றாக வந்த பிறகும் லொரைன் விடவில்லை. அடுத்த வாரமும் வாங்க என்றாள். அதற்கடுத்த வாரமும் வரச்சொன்னாள்.

அல்போன்சம்மாளுக்கு வைதேகியைப் பிடிக்காது. இருந்தாலும் அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நாம் வளர்த்த பிள்ளைக்கா இவ்வளவு கல்மனசு என்று அன்று ராத்திரி ஜெபமாலை சொல்லும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று சர்ச்சில் பூசை நல்லபடியாக முடிந்தது. விருந்து நடந்த ஓட்டலில் மணப்பெண்ணுக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கவுனைக் கட்டும்போது கூட்டம் வேண்டாம் என்று சொல்லி லொரைன் தோழிகளை அனுப்பிவிட்டாள். வைதேகி மட்டும் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை சேவியர் தயாராக நின்றான். கதவு திறக்கவில்லை.

இஞ்ஞாசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னக்கா இவ்வளவு நேரம்? எல்லாரும் வெயிட் பண்றாங்க லா," என்றார்.

அல்போன்சம்மாள் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

கவுன் கச்சிதமாகத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்று பார்த்ததுமே தெரிந்தது. அம்மாவும் மகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். லொரைன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அழுது முடித்து, சிரிப்புக்கு வந்துவிட்ட முகம். அல்போன்சம்மாள் வளர்த்த இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

வைதேகி பதறி எழுந்தாள். "முடிஞ்சிருச்சுக்கா. நான் போயி பின்னால உக்காந்துக்கறேன்."

லொரைன் அம்மாவின் கையை விடவில்லை.

"மேடையில வேணாம்னீங்க அத்தை, சரின்னேன். போட்டோவுல வேணாம்னீங்க, அதுக்கும் சரின்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "பட்டன் வச்சிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். பழகிப் பாக்கணும்னு அம்மாவ வாராவாரம் வரச்சொல்லியிருக்கவும் முடியாது. அதான் ரிப்பன் கேட்டேன்."

 அல்போன்சம்மாள் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

இஞ்ஞாசி வேகமாக வந்தார். "கட்டி முடிச்சாச்சா?"

"இல்லப்பா," என்றாள் அல்போன்சம்மாள். "எங்கேயோ தப்பாயிருச்சு. எல்லாத்தையும் அவுத்துட்டு முதல்லேர்ந்து கட்டுறாங்க. கொஞ்சம் நேரம் குடுப்போம்."