ஓடாத வண்டி

"ஓடாத வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு? காயலான் கடைக்காரர் வாசல்லயே நிக்கிறார்," என்றான் அண்ணன்.

தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு ஜாக்கிகளின் மேல் நின்ற அப்பாவின் பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்து, மாற்றவேண்டிய துருப்பிடித்த பின்தொட்டியின் கடைசி போல்ட்டையும் கழற்றினாள். எழுந்து, தொட்டியைச் சங்கிலியால் ஷெட்டின் இரும்பு உத்தரத்தோடு இறுக்கிக் கட்டினாள்.

"அதைத் தூக்க நாலு ஆள் வேணும். என்கிட்டதான் வந்து நிப்பே."

அவள் ஜாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். வண்டி கீழே போக, தொட்டி மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

அண்ணன் விடவில்லை. "சரி, வண்டியை வெளிய தள்ளவும் ஆள் வேணுமே?"

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். செத்தே போச்சு என்று அவன் எப்போதோ தலைமுழுகிவிட்ட எஞ்சின், முதல் திருகிலேயே உறுமியது.

"வாசல்ல நிக்கிறவரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுண்ணா. வண்டி வெளிய வருது."