திங்கட்கிழமை வசவு

அவர் நாளிதழை விரித்துப் பிடித்தார்.

நான்காம் பக்கம். வலது மூலை.

அங்கே அவருடைய கட்டுரை இல்லை. மனை விற்பனை விளம்பரம் இருந்தது.

“படிங்க அண்ணாச்சி,” என்றாள் மணிமொழி. அவள் கையில் கஞ்சிக் கிண்ணம்.

கட்டிலில் அவளுடைய அப்பா வேலாயுதப்பெருமாள். ஒரு காலத்தில் இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. வெள்ளைச் சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

இந்த மனிதரை எத்தனை திங்கட்கிழமை கிழித்திருப்பார்! ‘நெருஞ்சி’ என்ற புனைபெயரில். மாநில அரசியலில் தொடங்கினாலும் சரி, மாவட்ட அரசியலில் தொடங்கினாலும் சரி, கடைசியில் வேலாயுதப்பெருமாள் தலையில் ஒரு குட்டு வைக்காமல் முடித்ததே இல்லை. ஆட்சி மாறியது. கூட்டணி மாறியது. பெரியவருக்குப் பதவியும் போனது. குட்டு மட்டும் நிற்கவில்லை. பழக்கதோஷம்தான், வேறென்ன.

போன மாதம் பத்திரிகைக்குப் புது ஆசிரியர் வந்தார். இவருடைய திங்கட்கிழமைப் பத்தியை நிறுத்திவிட்டார்.

“உள்ளூர் அரசியலை இப்ப யாரு சார் படிக்கிறாங்க?”

ஒரு வாசகர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஒரு போன் வரவில்லை. இத்தனை காலம் யாருக்குத்தான் எழுதினோம் என்று ஆத்திரமாக வந்தது. பிறகு ஆத்திரமும் ஓய்ந்து, துக்கம் மட்டும் மிஞ்சியது.

நேற்று மணிமொழி வீடு தேடி வந்தாள்.

“உங்க கட்டுரை வரலேன்னதும் நீங்க தவறிட்டீங்கன்னு அப்பா முடிவு கட்டிட்டாங்க அண்ணாச்சி. நெருஞ்சி போயிட்டானே, நெருஞ்சி போயிட்டானேன்னு ஒரே அழுகை. பச்சத்தண்ணி பல்லுல படல. ஆள் அடையாளம் எல்லாம் போயிருச்சு. உங்க பேரு மட்டும் போகல.”

அவர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“திங்கக்கிழமை விடிஞ்சா அதைத்தான் முதல்ல பாப்பாங்க. அவன் திட்டுற வரைக்கும் நான் அரசியல்ல இருக்கேன்னு சொல்லுவாங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வந்து அப்பாவை ஒரு தடவை திட்டிட்டுப் போங்க.”

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இன்று வந்ததும் கட்டிலருகே குனிந்து சொல்லிப் பார்த்தார். “நான்தான்யா நெருஞ்சி. சாகல. குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கேன்.”

பெரியவர் ஏறிட்டுப் பார்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

“மனுவா? மேசையில வச்சிட்டுப் போங்க. பாப்போம்.”

முகம் நினைவில்லை. எதிரே நின்றாலும் செத்தவன் செத்தவன்தான்.

அதனால்தான் இந்தப் பத்திரிகை.

தொண்டையைச் செருமிக்கொண்டார். இல்லாத கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார்.

“நெருஞ்சி எழுதுகிறேன்.”

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“யாரு?”

“நெருஞ்சிதான்,” என்றாள் மணிமொழி. “இன்னைக்கு வந்திருக்கு.”

“இருக்கானா அந்தப் பய?”

“இருக்காரு. உங்களைத்தான் திட்டியிருக்காரு.”

“திட்டுவான். வேற என்ன தெரியும் அவனுக்கு? படி, படி.”

என்ன திட்டுவது? ஆயுசெல்லாம் திட்டிய ஆளுக்கு, அந்த மெலிந்த கழுத்தைப் பார்த்ததும் ஒரு சொல் வரவில்லை. கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டார்.

“நம் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சட்டசபையில் வாயைத் திறந்தது கொட்டாவி விடுவதற்கு மட்டுமே...”

“பொய்யி!”

கட்டில் சட்டத்தில் கை ஓங்கி விழுந்தது.

“ஆத்துப் பாலத்துக்காகப் பேசினேன். சபாநாயகர் மணியடிச்சும் உக்காரலையே! அந்தப் பயலுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுதான்.”

தெரியும். நல்ல பேச்சு அது. பாலமும் வந்தது. இப்போது அதில் வேறொருவர் பெயர் இருக்கிறது.

கோபத்தில் பெரியவர் வாய் திறந்திருந்தது. மணிமொழி ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றினாள். இறங்கியது.

நிறுத்தாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவர் நிறுத்தவில்லை. கால்வாயில் வராத தண்ணீர், கட்சிக்குக் கட்சி நிறம் மாறிய தோள்துண்டு, பேருந்து நிலையத்தில் திறப்பு விழா அன்றைக்கே பூட்டிய கழிப்பறை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். பெரியவர் விடாமல் சண்டைக்கு வந்தார். நடுநடுவே கஞ்சியும் உள்ளே போனது.

கிண்ணத்தில் கொஞ்சம்தான் இருந்தது. நெருஞ்சியிடமும் திட்டுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு கடைசி வரி வேண்டும். வசவு மாதிரியே இருக்க வேண்டும்.

இந்த வாடகை வீடு தெரியாமல் வரும்போது ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்திருந்தார். கறிக்கடையிலும் கேட்டார். பழைய எம்.எல்.ஏ. வேலாயுதப்பெருமாள் வீடு எது? அப்படி ஓர் ஆளையே அவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் குரலை உயர்த்தினார்.

“இவர் செய்ததை எல்லாம் இந்தத் தொகுதி மக்கள் ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.”

பெரியவர் சண்டைக்கு வரவில்லை.

“அப்படியா எழுதியிருக்கான்?”

“ஆமாய்யா.”

“மறக்க மாட்டாங்கன்னா?”

“ஒருநாளும் மறக்க மாட்டாங்கன்னு.”

பெரியவர் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“அதை மட்டும் இன்னொரு தடவை படி.”

அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணிமொழி பத்திரிகையை அவரிடமிருந்து வாங்கினாள். மனை விற்பனை விளம்பரத்தைப் பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள்.

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா வாசிக்கே தாயி. நீ யாரு வீட்டுப் பிள்ளை?”

“பக்கத்து வீடுதான்யா,” என்று சொல்லிவிட்டு, மிச்சக் கஞ்சியை ஊட்டினாள்.