அழுத்திய நேரம்

அம்மாவின் தோளில் பேட்ச் ஒட்டி, அப்பா முப்பது விநாடி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அதிலுள்ள மயிரிழை ஊசிகள் கரைந்து, முட்டுவலி மருந்து தோலுக்குள் இறங்கிவிடும். அழுத்திய நேரம் பேட்சிலிருந்தே மஸ்கட்டிலிருக்கும் மகன் ஜெபினின் போனில் தெரியும். இன்று இருபது நிமிடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து கூடிப்போனதோ என்று பதறிப்போய் அழைத்தான்.

"அப்பா, கைய எடுங்க. அம்மைக்கு என்ன ஆச்சு?"

"சத்தம் போடாத மக்கா," என்றார் அப்பா, நாகர்கோவிலிலிருந்து, கிசுகிசுப்பாக. "மருந்து எப்பவோ எறங்கியாச்சு. நாலு நாளா வலியில கண்ணடைக்காதவ, இப்பதான் உறங்குதா. கைய எடுத்தா முழிச்சிருவா."

"உங்களுக்குக் கை வலிக்கலியா?"

"மரத்துப்போச்சு. நீ போன வை."

ஜெபின் வைக்கவில்லை. அப்பாவும் வைக்கவில்லை. இருவரும் அம்மாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.