யார் பக்கத்து மஞ்சள்?

“எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிக் கண்ணு மஞ்சளானதில்ல டாக்டர். இவரோட அண்ணனைப் பாருங்க, எந்நேரமும் மஞ்சள்தான்” என்றாள் அம்மா. தையல் கடையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தாள். அளவு டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது.

பஸ் டிரைவர் அப்பா விடுவாரா? “எங்கண்ணனுக்கு அது தூக்கமில்லாம. உன் தம்பி பரீட்சைக்குப் பரீட்சை மஞ்சளா வந்து நின்னானே, அதைச் சொல்லு.”

நடுவில் மஞ்சளேறிய கண்களோடு உட்கார்ந்திருந்த பதினைந்து வயது மகள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். அதே நேரம் அப்பாவும் மூக்கைத் தேய்த்தார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

“நாளைக்கு இறுதிப் போட்டி டாக்டர். ஓடக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள் மகள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை மறுபடி பார்த்தார். “காலையில என்ன சாப்பிட்டே?”

“போட்டி வந்தா பயத்துல எதுவும் இறங்காது. நேத்துலேருந்து தண்ணி மட்டும்தான்.”

“அதான் விஷயம். உன் கல்லீரல் நல்லா இருக்கு. இது சில பேருக்குப் பரம்பரையா வர்றது, இந்த வயசுலதான் தலைகாட்டும். பட்டினி கிடந்தா, பதறினா கண்ணு மஞ்சளாகும், அப்புறம் தானா போயிடும். மருந்தே வேண்டாம். ஒழுங்கா சாப்பிட்டுட்டு நாளைக்கு ஓடு.”

மகள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

“ஆபத்தில்லைன்னா அது எங்க பக்கம்தான் டாக்டர். என் தம்பி இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கான்.”

“இப்ப மட்டும் உன் பக்கமா? எங்கண்ணன் கண்ணே சாட்சி.”

“குறிப்புல எழுதணும். யாராவது ஒருத்தர் விட்டுக் குடுங்க” என்ற டாக்டரம்மா மகளிடம் திரும்பினார். “நீயே சொல்லும்மா, யார் பக்கம்?”

மகள் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டாள். “எதுவும் எழுதாதீங்க டாக்டர். கைக்குழந்தையா இருந்த என்னைக் காப்பகத்துலேருந்து தூக்கிட்டு வந்தது இவங்களுக்கு மறந்தே போச்சு.”

“அட, ஆமால்ல” என்றார் அப்பா, மூக்கைத் தேய்த்துக்கொண்டே.