சல்லடை மூடிக்கு மேலே நுரை

குளியலறை மூலையில் தண்ணீர் வடியும் துளைக்குப் போட்ட சல்லடை மூடியின் ஓட்டைகள் வழியே நுரை மேலே வருகிறது. முதலில் கடுகளவு, பிறகு ஒரு கைப்பிடி. சன்னல் வெளிச்சம் பட்டு ஒவ்வொரு குமிழிலும் ஒரு குட்டிச் சன்னல் மின்னுகிறது. குழாய்க்காரர் குந்தியபடி அதை முறைக்கிறார். "மேல் வீட்டுல யாரோ துணி துவைக்கிறாங்கக்கா. குழாய்ல அடைப்பு. அதான் உங்க வீட்டுல வந்து எட்டிப் பாக்குது." "மேல் வீடு பூட்டிக் கெடக்குப்பா. என் பையன் இருந்தான். தவறி மூணு மாசம் ஆச்சு." வீட்டுக்காரம்மா சொன்னதும் குழாய்க்காரர் கையிலிருந்த கம்பி அப்படியே நிற்கிறது. எலுமிச்சை வாசம் எழும்புகிறது. அவன் சட்டைக்குப் போடும் சோப்பு அது. கீழ் வீட்டில் யாரும் தொடுவதில்லை. மேலே வாளி நகரும் சத்தம். தண்ணீர் விழும் ஓசை நிற்கிறது. அவள் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறாள். மேலே துவைக்க என்ன இருக்கிறது? நாலே சட்டைகள். அவற்றையும் போன மாதமே அவள் துவைத்து மடித்து வைத்தாயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்குகிறது. காலை நடைக்கென்று கிளம்பிப் போன கணவர் உள்ளே வருகிறார். "இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி." அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருக்கிறது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கின்றன. சட்டைப் பையில் சாவி கிணுகிணுக்கிறது. அவர் காதோரம் ஒட்டியிருக்கும் வெள்ளை நுரைப் பொட்டை அவள் துடைத்துவிடவில்லை. "அடைப்ப எடுத்துடட்டுமாக்கா? அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் ஒரு துளி மேல வராது." நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்து அடங்கிக்கொண்டிருக்கிறது. "வேணாம்ப்பா," என்கிறாள். "அது வந்துட்டுப் போகட்டும்."