ஓகஸ்ட் பாலன்

பரிஸ் லா சப்பலிலிருந்து இரவல் வாங்கிவந்த வானுக்குள் கருவாட்டு மணம் போகவேயில்லை. கண்ணாடியை இறக்கலாம் என்றால் வெளியே மழை சோவென்று கொட்டுகிறது.

ஓகஸ்ட் மாதத்து மழையா இது! நோர்மண்டி வயல்களெல்லாம் வெள்ளம். அப்பிள் மரங்களுக்குக் கீழே ஒதுங்கி நின்ற மாடுகள், இந்த விசரன் எங்கே போகிறான் என்று தலையைத் திருப்பிப் பார்த்தன.

வலன்ரைன் நத்தாருக்குப் போய்க்கொண்டிருந்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வானைத் தந்த பலசரக்குக் கடைக்காரர் பேதுரு அண்ணையே வருடா வருடம் திறப்பை நீட்டும்போது சிரிப்பார்.

"ஊருலகத்துக்கெல்லாம் இயேசு மார்கழியிலை பிறந்தவர், உனக்கு மட்டும் ஓகஸ்டிலையோடா?"

என்ன செய்வது? அவன் கோப்பை கழுவுகிற உணவகம் நத்தாருக்குத்தான் நிரம்பி வழியும். அன்றைக்கு லீவு கேட்டால் வேலையையே விட்டுவிட வேண்டியதுதான். முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவது ஓகஸ்டில். அப்போதுதான் வலன்ரைனுக்கும் வக்கான்ஸ் லீவு.

பின்னால் கேக் இருந்தது, பயத்தம் உருண்டை இருந்தது, மகளுக்கு ஒரு சிவப்புக் குளிர்ச்சட்டையும் இருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய சாமான் அவனுடைய சேட்டுப் பைக்குள், பஞ்சில் சுற்றியபடி.

பாலன் இயேசு. பெருவிரல் அளவு. ஒரு காது உடைந்தவர்.

மனைவி இம்மாகுலேற் அவனை விட்டுப் போனது ஒரு மார்கழியில். யார் பிழை என்று இப்போது கிளறி என்ன காணப்போகிறோம்? அவன் வேலையில் நின்ற நேரம், சின்னப் பிள்ளையாக இருந்த மகள் கஜானியையும் பாலன் குடிலையும் தூக்கிக்கொண்டு நோர்மண்டிக்குப் போய்விட்டாள்.

மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை எல்லோரும் அவளோடு போய்விட்டார்கள். பாலன் மட்டும் போகவில்லை. நத்தார் இரவுப் பூசை வரைக்கும் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். அவரோ அலுமாரிக்குள், வலன்ரைனுடைய சேட்டுகளுக்கு நடுவே, பிறக்கிற நாளைப் பார்த்துக் கிடந்தார். போகிற அவசரத்தில் இம்மாகுலேற்றுக்கு அது ஞாபகம் வரவில்லை.

பிறகு தபாலில் அனுப்பச் சொன்னாள். தபாலில் போகிற பிள்ளையா அது? நானே கொண்டுவருகிறேன் என்று அடம்பிடித்தான்.

எங்கள் வீட்டில் பாலன் பிறப்பது ஓகஸ்டில் என்று மகளுக்குச் சொல்லி வைத்தான். மகளும் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். பாலன் தன்னிடம் இருக்கும்வரை அந்த வீட்டுக் கதவு தனக்குத் திறக்கும் என்பது அவன் கணக்கு. வேறு என்ன உரிமை இருந்தது அவனுக்கு?

கொண்டாட்டம் முடிந்ததும் பாலனைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவான். மிச்ச மாதங்கள் முழுக்க மார்க்ஸ் டோர்மோய் தெரு அறையில் அவனும் பாலனும்தான். வேலை முடிந்து வந்து அலுமாரியைத் திறந்து, குளிருதோ என்று கேட்பான். இன்றைக்கு யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லுவான். கதைக்க வேறு ஆள் இல்லை. ஆனாலும் ஓகஸ்ட் ஒன்று வரும், அங்கே ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நாளைத் தள்ளினான்.

வருகிற நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், வழக்கமாக ஊர் எல்லைக்கு வந்ததும் போன் எடுத்துச் சொல்லுவான். இன்றைக்குப் பாதி வழியிலேயே போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வானை நிறுத்தினான். மழை கொஞ்சம் விடட்டும் என்று உள்ளேயே இருந்தான்.

வைப்பர் துடைத்த இடத்தில் வீட்டு யன்னல் தெரிந்தது. உள்ளே வெளிச்சம்.

கஜானி நின்றாள். தாயை விட உயர்ந்துவிட்டாள். மேசையில் இருந்த எதையோ மூடியிருந்த பொலித்தீனை அவசரமாக உரித்தாள். குடில். போன மார்கழியில் மூடி வைத்தபடியே மாதாவும் சூசையப்பரும் நின்றார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில், தொட்டிக்குள், ஒரு பாலன்.

கொழுகொழுவென்று, தலையில் பொன்முடி, இரண்டு காதும் உள்ளவர்.

கஜானி அவரைத் தூக்கி மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். தடுமாறவில்லை. பழகிய கை. பிறகு குனிந்து, அவர் படுத்த பள்ளம் தெரியாமல் வைக்கோலை விரலால் நிரவினாள்.

எத்தனை மார்கழி இந்த வீட்டில் பிறந்து போயிற்றோ! கேக் வெட்டியிருப்பார்கள், பாட்டுப் படித்திருப்பார்கள். அந்த நேரமெல்லாம் அவன் பரிஸில் கோப்பைகளுக்கு முன்னால், தான் போகாமல் அங்கே ஒன்றும் தொடங்காது என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

வைக்கோல் இன்னும் சரிவரவில்லை. அவள் ஒருதரம் தள்ளி நின்று பார்த்தாள். திரும்பவும் குனிந்தாள்.

வலன்ரைன் லைற்றைப் போடாமல் வானை மெல்லப் பின்னுக்கு எடுத்தான். கோயில் வளைவு வரைக்கும் போய் நின்றான். அவள் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருந்தான். சேட்டுப் பையில் கையை வைத்தபடி இருந்தான். கண்ணைத் துடைத்தான். பிறகு ஊரே எழும்பிவிடும்போல ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து அதே வாசலில் நிறுத்தினான்.

கதவு திறந்தது. கஜானி குடையோடு மழைக்குள் ஓடிவந்தாள். எப்போதும் பிரெஞ்சிலேயே பேசுகிறவள், வருடத்தில் ஒருநாள் தமிழில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, பாலன் வந்திட்டாரோ?"

"ஓம் பிள்ளை," என்றான் வலன்ரைன். "இப்பத்தான் வந்தவர்."